தென்னையில் வெள்ளை ஈ: சென்னை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் தென்னை தோப்பாக இல்லை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ என்று நிற்கிறது. மாம்பலம், நங்கநல்லூர், பெரம்பூர், திருவான்மியூர் என எந்தப் பக்கம் போனாலும் கிணற்றடியில் ஒரு மரம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இன்னொரு மரம். சில ஆண்டுகளாக அந்த மரங்களின் ஓலைக்கு அடியில் வெள்ளைப் பொடியும் மேலே கரியும் படிகின்றன. பார்த்துப் பயந்து சிலர் மரத்தையே வெட்டுகிறார்கள், சிலர் கடும் விஷத்தை அடிக்கிறார்கள். பெரும்பாலான மரங்களுக்கு இரண்டுமே வேண்டாம். என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதற்கான பதில்கள் இவை.

ஓலையெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டது. இது என்ன நோய்?

நோய் இல்லை, பூச்சியின் வேலை. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று பெயர். ஓலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் மிஞ்சும் சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாகக் கழிக்கும். அந்தத் துளிகள் கீழே இருக்கும் ஓலைகளின் மேல்பக்கத்தில் விழ, அதில் கரும்பூசணம் வளர்கிறது. அதனால்தான் கறுப்பு ஓரிடத்திலும் பூச்சி வேறிடத்திலும் இருக்கின்றன. கறுத்த ஓலையைக் கழித்துவிட்டால் பூச்சி போய்விடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

உறுதி செய்ய, எட்டும் உயரத்தில் உள்ள ஓர் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். கைரேகை மாதிரி சுழிசுழியாக வெள்ளை மெழுகுக் கோடுகள் இருக்கும். முட்டைகள் அந்தக் கோட்டின் மேல்தான். பக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் இளம்பூச்சிகள். வளர்ந்த ஈ ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் இருக்கும், இறக்கையில் மங்கலான பழுப்புத் திட்டு தெரியும். சாதாரண வெள்ளை ஈயைவிட இது பெரியது, மந்தமானது. ஓலையைத் தட்டினால்கூடச் சோம்பலாக எழுந்து மறுபடி அங்கேயே உட்காரும். தட்டியும் எதுவும் பறக்கவில்லை, வெள்ளையாக அப்பிக்கொண்டே இருக்கிறது என்றால் மாவுப்பூச்சியாக இருக்கலாம்.

தென்னை மட்டும் இல்லை. வாழை, கொய்யா, சீதா, மா, தெருவோர நாட்டு வாதுமை, தொட்டியில் வைக்கும் கல்வாழை, ஹெலிகோனியா எல்லாவற்றிலும் ஏறும்.

இது எங்கிருந்து வந்தது?

மத்திய அமெரிக்கப் பூச்சி. பெலிஸ் நாட்டில் எடுத்த மாதிரிகளை வைத்து 2004இல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தெரியவந்தது. 2016 ஆகஸ்டில் பொள்ளாச்சியில் கண்டுபிடித்தார்கள். அதுதான் இந்தியாவில் முதல் பதிவு. அதன் பிறகு கன்றுகள், ஓலைகள், வாகனங்கள் வழியாகப் பரவியது. கடற்கரை ஊர்களின் தென்னை அதற்கு வாகாக அமைந்துவிட்டது.

மரம் செத்துவிடுமா?

வளர்ந்த, வேருக்குத் தண்ணீர் கிடைக்கும் தென்னை வெள்ளை ஈயால் மட்டும் சாவது அரிது. ஓலை மங்கும், வெயில் படாததால் மரம் சோரும், காய்ப்பு குறையும். மழை பெய்து பூச்சி இறங்கியதும் அடுத்தடுத்து வரும் ஓலைகள் பச்சையாக விரியும். ஓலை கறுத்ததைக் காரணமாக வைத்து முப்பது வருட மரத்தை வெட்டுவது மிகப் பெரிய தவறு. அந்த இடத்தில் வைக்கும் நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அதிலும் இதே ஈ வந்து உட்காரும்.

ஆனால் பக்கத்து வீட்டு மரம் நிஜமாகவே பட்டுப்போனதே?

அது பெரும்பாலும் வேறு பூச்சியாக இருக்கும். வெள்ளை ஈ கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன் மேல் விழுகிறது. உள்ளே இருந்து கொல்லும் சிவப்புக் கூன்வண்டை யாரும் பார்ப்பதில்லை. அது அயல் பூச்சி இல்லை, நம் ஊர்ப் பூச்சிதான். (வளைகுடாவுக்கும் மத்தியதரைக்கடல் நாடுகளுக்கும் போய் அங்கே பேரீச்சையைக் கொல்லும் அயல் பூச்சியாகிவிட்டது.)

இதை அடையாளம் காணும் வழி: தண்டில் சிறு துளை, அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு, துளையின் வாயில் மென்று துப்பியது போன்ற நார். காலையில் சத்தம் அடங்கியிருக்கும்போது தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் கரகர சத்தம் கேட்கும். நடுக்குருத்து வாடும். குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்து நாற்றம் அடித்தால், அந்த மரம் முடிந்தது. ஐந்து முதல் இருபது வயதுள்ள மரங்களில்தான் இது அதிகம்.

சாறு வடிவது அடித்தண்டில், தரையிலிருந்து மூன்று அடிக்குள் மட்டும், கூடவே கீழ் ஓலைகள் தொங்கினால் அது வண்டு இல்லை. தஞ்சாவூர் வாடல் எனப்படும் பூசண நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குருத்தோலை விரிந்ததும் விசிறியைக் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. அது போட்ட காயத்தின் வழியாகத்தான் கூன்வண்டு நுழைகிறது. தடுக்க, மேல் மூன்று மட்டை இடுக்குகளில் 3.5 கிராம் நாப்தலின் உருண்டை ஒவ்வொன்று வைத்து மெல்லிய மணலால் மூட வேண்டும். 45 நாளுக்கு ஒருமுறை. அது இனப்பெருக்கம் செய்வது மட்கும் சாணக் குழியிலும் குப்பை உரத்திலும்தான். வீட்டில் உரத்தொட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கிளறி, விரலளவு தடித்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிடுங்கள்.

கூன்வண்டு கொன்ற மரத்தை வெட்டி மூலையில் சாய்த்து வைப்பது அடுத்த வீட்டு மரத்துக்கு ஆபத்து. தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் புழுவையும் நார்க்கூட்டையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

வீடு தேடி வந்து, மருந்து அடித்தால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். அடிக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில் மனதில் நின்றால் போதும் என்றால் அது இதுதான்.

வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது என்கார்சியா குவாடலூப்பே என்னும் மிகச் சிறிய குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 1990களில் வேறொரு சுருள் வெள்ளை ஈ கேரளம் வழியாக வந்தபோது, யாரும் கொண்டுவராமல் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. 2016க்குப் பிறகு புதிய ஈயின் மேலும் தானாகவே முட்டையிடத் தொடங்கியது. கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஈயின் இளம்பூச்சி மெழுகுப் பஞ்சுக்குள் பாதுகாப்பாக இருக்கும், முட்டையும் தப்பும். முதல் வாரம் மரம் சுத்தமாகத் தெரியும். ஈ முட்டையிலிருந்து வளர்ந்துவர ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். அதனால் அடுத்த மாதம் முன்பைவிட அதிகமாகத் திரும்பும், இந்த முறை தடுக்கக் குளவி இருக்காது. மறுபடி மருந்துக்காரரைக் கூப்பிடுவீர்கள்.

வேரில் மருந்துப்பை கட்டுவதும் அப்படித்தான். நகரத்து மனைகளில் மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே பத்தடிகூட இருப்பதில்லை. வேர் வழியே ஏறிய விஷம் இளநீருக்கும் போகும். அப்படிக் கட்டிய மரத்தில் 45 நாள் காய் பறிக்கக்கூடாது. குழந்தைக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிற வீட்டில் யார் அதை நாள் எண்ணிக் காப்பாற்றப்போகிறார்கள்?

அந்தக் குளவி என் மரத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். வெள்ளை ஈ அதிகம் உள்ள ஓலையிலிருந்து விரல் நீளத் துண்டு வெட்டி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே உள்ள பஞ்சை ஈரத் தூரிகையால் மெல்ல விலக்கினால் தட்டையான, நீள்வட்டமான கூட்டுப்புழுக்கள் தெரியும். வெளிர் மஞ்சளாக இருந்தால் உள்ளே ஈ வளர்கிறது. கறுத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. காலிக் கூடுகளிலும் வித்தியாசம் இருக்கும்: ஈ வெளியேறிய கூட்டின் மேல் தலைகீழான ஆங்கில ‘T’ வடிவில் பிளவு, குளவி வெளியேறிய கூட்டில் ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை.

நூறு கூடுகளை எண்ணுங்கள். கறுத்தவையும் வட்ட ஓட்டை உள்ளவையும் சேர்ந்து முப்பது, நாற்பது இருந்தால் குளவி வேலையில் இறங்கிவிட்டது, கை வைக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினால் எண்ணிக்கை ஏறியிருக்கும். ஒன்றுமே கறுக்கவில்லை என்றால், சமீபத்தில் அந்த மரத்திலோ பக்கத்திலோ யாராவது மருந்து அடித்தார்களா, கொசுப் புகை அடிக்கடி போடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

குளவியே இல்லை. எங்கே வாங்குவது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் என்கார்சியாவையும், ஈயைத் தின்னும் கிரைசோபெர்லா என்ற பச்சை இறக்கைப் பூச்சியின் முட்டையையும் வளர்த்துக் கொடுக்கிறது. பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்கு: கிரைசோபெர்லா முட்டை 400, குளவி உள்ள ஓலைத் துண்டு 10. அதாவது பத்து மரம் உள்ள தெருவுக்கு இரண்டு மூன்று துண்டே தாராளம். தனி வீட்டுக்காக வரவழைப்பதில் பொருளில்லை. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

அதைவிட எளிய வழி, அக்கம்பக்கத்தில் மருந்தே படாத மரத்தைத் தேடுவது. அதில் கறுத்த கூடுகள் நிறைந்த, ஓட்டை இன்னும் விழாத ஓலைத் துண்டை எடுங்கள். அதிலுள்ள வளர்ந்த ஈக்களைத் துடைத்துவிட்டு, உங்கள் மர ஓலையின் அடியில் ஈர்க்குச்சியால் குத்தி வையுங்கள். நேர்வெயிலில் வைத்தால் துண்டு சுருண்டு குளவி செத்துவிடும். எறும்பு ஏறும் இடமும் ஆகாது. குளவியை வைத்த மரத்தில் வேப்பெண்ணெய்கூட அடிக்கக்கூடாது.

காத்திருக்கும் நாட்களில் வேறு என்ன செய்யலாம்?

தண்ணீர். விடியற்காலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். ஈ, இளம்பூச்சி, பிசுபிசுப்பு எல்லாம் கழன்று விழும். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். கீழே நின்று மேல்நோக்கி அடித்தால் வீட்டு மோட்டாரின் வேகம் பாதி உயரத்திலேயே அடங்கிவிடும். முதல் மாடி பால்கனியில் அல்லது மொட்டை மாடியில் நின்று பக்கவாட்டில் அடித்தால்தான் அடிப்பக்கத்தில் படும்.

மின்கம்பி ஓலையை ஒட்டிப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகிறது என்றால் தண்ணீரும் அடிக்கக்கூடாது, இரும்புத் தொரட்டியும் தூக்கக்கூடாது. மின்வாரியத்தில் சொல்லி, கம்பியை ஒட்டிய ஓலையை அகற்றிய பிறகுதான் எதுவும்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இதெல்லாம் நடக்காது என்பது தெரியும். அப்போது வேருக்குப் போகும் தண்ணீரை மிச்சம் பிடித்து ஓலைக்கு அடிக்காதீர்கள், வேருக்கே விடுங்கள்.

மைதா கரைத்து அடித்தால் கறுப்பு உரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. லிட்டருக்கு 25 கிராம். பத்து லிட்டருக்குக் கால் கிலோ மைதாவை முதலில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். நேரே கொதிநீரில் போட்டால் உருண்டை பிடித்துவிடும். அடுப்பில் வைத்துக் கிண்டினால் கஞ்சிபோல் கண்ணாடிப் பதம் வரும். ஆறவைத்து, மீதித் தண்ணீர் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு ஐந்தே நிமிடத்தில் அடைக்கும்.

இதை ஓலையின் மேல்பக்கத்தில் அடிக்க வேண்டும், நல்ல வெயில் நாளில். காய்ந்ததும் பசை அப்பளம் மாதிரி சுருங்கி, கரும்பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிரும். மேகமூட்டமான நாளில் அடித்தால் உரியாமல், ஓலையில் இன்னொரு அழுக்காகத் தங்கிவிடும். மைதா பூச்சியைக் கொல்லாது. வெயில் படாமல் மூடிக்கிடக்கும் ஓலையை மீட்கும், அவ்வளவுதான்.

வேப்பெண்ணெய்?

இளம் மரத்தில், குளவி அறவே இல்லாமல், ஓலைக்கு ஓலை அப்பியிருந்தால் மட்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி ஒட்டும் திரவம் அல்லது கரைத்த காதி சோப்பு. சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, எண்ணெயை அதில் ஊற்றிப் பால்போல் ஆகும்வரை கலக்கிய பிறகே மீதித் தண்ணீர் சேருங்கள். எண்ணெய் தனியாக மிதந்தால் பட்ட இடம் வெயிலில் கருகும். மாலையில், அடிப்பக்கத்தில் அடிக்க வேண்டும்.

மஞ்சள் அட்டை தொங்கவிட்டால் போதாதா?

போதாது, ஆனாலும் உதவும். 5 அடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் ஆமணக்கு எண்ணெய் தடவி, தரையிலிருந்து ஆறடி உயரத்தில் கட்டுங்கள். ஏக்கருக்குப் பத்து என்பது பரிந்துரை; ஒரு கிரவுண்டு வீட்டுக்கு ஒன்று போதும். சென்னைத் தூசியில் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும், வாரம் ஒருமுறை துடைத்துத் தடவ வேண்டும். எலிப் பசை தடவாதீர்கள். தேன்சிட்டும் பல்லியும் மாட்டிக்கொண்டு சாகும்.

உரம் போட்டால் மரம் தாங்குமா?

தாங்கும். சென்னையில் பல தென்னைகளின் பிரச்சினை ஈ இல்லை, தண்டு வரை போட்ட சிமெண்ட். தண்டைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு மண் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்றால் மூன்று அடியாவது உடைத்துத் திறங்கள்.

காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு: தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இரசாயன உரத்தை ஜூன்-ஜூலையில் பாதி, டிசம்பர்-ஜனவரியில் பாதி என்று பிரித்துப் போடுங்கள். யூரியாவை மட்டும் கூட்டிப் போட்டால் ஓலை சதைப்பற்றாகி, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்தாகும். பொட்டாஷைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோடையில் நாளொன்றுக்கு 65 லிட்டர் கணக்கில் தண்ணீர் தேவை. சமையலறையில் அரிசி, காய்கறி கழுவிய நீர் தாராளமாக விடலாம்.

பிசுபிசுப்பு காரிலும் மொட்டை மாடியிலும் விழுகிறது. உடம்புக்குக் கெடுதலா? இளநீர் குடிக்கலாமா?

அது சர்க்கரை நீர்தான், விஷம் இல்லை. காரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும். பல வாரம் விட்டால் கரும்பூசணம் பெயின்டில் கறையாகும். மருந்து அடிக்காத மரத்தின் இளநீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

கவனம் வேண்டியது மழைநீர்த் தொட்டியில். ஓலை கவிந்த மொட்டை மாடியின் முதல் மழை கறுப்பும் மெழுகுமாக இறங்கி, வடிகட்டியின் மணலை அடைத்துவிடும். முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிட்டு, செப்டம்பரிலேயே வடிகட்டி மணலைக் கழுவி வையுங்கள்.

மாநகராட்சியிடம் என்ன கேட்கலாம்?

பூங்கா மரம், சாலையோர மரம், தெருவில் விழும் நிலையிலுள்ள மரம் ஆகியவற்றுக்கு 1913இல் புகார் பதியலாம். வீட்டுக்குள் இருக்கும் மரத்தைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனாலும் வெட்டும் எண்ணம் இருந்தால் முன்பே மண்டல அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். பூச்சி பற்றிய சந்தேகத்துக்கு உழவர் அழைப்பு மையம், 1800-180-1551. தமிழிலேயே பேசலாம், தோட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை.

தெருவில் கொசுப் புகை அடிக்க வருபவர்களிடம், புகைக்குழாயை மர உச்சியை நோக்கித் திருப்ப வேண்டாம் என்று சொல்லலாம். சின்ன விஷயம்தான், குளவிக்குப் பெரிய விஷயம்.

அப்படியென்றால் எந்த அயல் பூச்சி வந்தாலும் காத்திருந்தால் போதுமா?

இல்லை. பூச்சியைப் பொறுத்தது. 2008இல் கோயம்புத்தூரில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் சூறையாடியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணியை வரவழைத்து விட்டபிறகுதான் அடங்கியது. அங்கே காத்திருந்தது பலிக்கவில்லை, சரியான எதிரியைத் தேடிக் கொண்டுவந்தது பலித்தது.

மரப்பட்டைக்குள் துளைக்கும் வண்டு இன்னும் மோசம். அமெரிக்காவில் டெட்ராய்ட் பகுதியில் 2002இல் மரகத நிற ஆஷ் துளைப்பானைக் கண்டுபிடித்தபோது, அது வந்து பல வருடம் ஆகியிருந்தது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போயின. சிகாகோவில் ஆசிய நீள்கொம்பு வண்டை 1998இல் சீக்கிரமே பார்த்துவிட்டார்கள். 1,500க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி, 2008இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்த ஊரில் மரம் வெட்டியது சரியான முடிவு.

இந்த வண்டுகள் பரவும் வழி சரக்குப் பெட்டிக்கான மரச்சட்டம். அதனால்தான் பன்னாட்டு விதிப்படி அந்தக் கட்டையை உட்புறம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கோதுமைக் கதிர் முத்திரை குத்துகிறார்கள். துறைமுக நகரத்தில் இது நமக்கு நேரடி விஷயம். பழைய சரக்குக் கட்டையை வாங்கி மேசை, ஊஞ்சல் செய்பவர்கள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையில்லாத கட்டையில் புதிதாக மாவு உதிரும் ஊசித்துளை தெரிந்தால், வெளியே போடாமல் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மீனம்பாக்கத்தில் உள்ள தாவர நோய்த்தடுப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

புதிய கன்று வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஓலையைத் திருப்பி அடிப்பக்கம். சுழிக்கோடு ஒன்று இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். தெரியாமல் வாங்கிவிட்டால் அந்த ஈர்க்கை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு மாதம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

மரம் ஏறுபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது, பச்சை மட்டையைக் கழிக்க வேண்டாம். ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று மழைக்கு முன்னால் மரத்தை மொட்டையடிக்கச் சொல்வது சென்னை வழக்கம். ஈ தாக்கிய மரத்துக்கு இருக்கிற பச்சைதான் சாப்பாடு. இரண்டாவது, ஏறத் தோதாகத் தண்டில் படி வெட்டக்கூடாது. மூன்றாவது, கம்பிக்கோ கூரைக்கோ இடைஞ்சலான பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டும் என்றால், தண்டோடு ஒட்ட வெட்டாமல் நான்கு அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டிய ஈரக்காயத்தின் வாசனைக்குத்தான் கூன்வண்டு வருகிறது. நான்கு அடி மட்டையைத் துளைத்துத் தண்டுக்குப் போவதற்குள் அந்த மட்டை காய்ந்துவிடும், புழுவும் செத்துவிடும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். சில மாதத்தில் அது தானாகக் கழன்று விழும், அதுவரை அடியில் காரை நிறுத்தாதீர்கள்.